டீச்சரம்மா எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, திருமணமாகிக் கோவையில் வசிக்கும் 52 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 79 வயது. 1968இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2004இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. இரண்டு நாள் சேர்ந்தாற்போல வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலையில் நடந்துபோய், திண்ணையில் உட்கார்ந்து காரணம் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாராம். ஞாயிறென்றால் ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று பொழுது முழுவதும் ஆலயத்தில்தான். குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சும் அவர் தலையசைக்காமல் நகராது. கிறிஸ்துமஸ் இரவில் கொழுந்தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பதினைந்து பேருக்காவது அந்த வீட்டு வராந்தாவில் பாய் விரிக்க வேண்டியிருக்கும். பள்ளி வருகைப் பதிவேட்டைப் போலக் கோடு போட்ட நோட்டில்தான் இன்றுவரை வீட்டுக் கணக்கு எழுதுகிறார்.

கணவர் 2008இல் உயில் எழுதாமல் காலமானார். பிள்ளைகள் மூவர். மூத்த மகன் நாகர்கோவிலில் இருக்கிறார். அடுத்தவர் கடிதம் எழுதியவர். இளைய மகன் 2014இல் வளைகுடாவில் விபத்தில் இறந்துபோனார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. சொத்து என்று பார்த்தால், அம்மா தன் சம்பளத்தில் வாங்கி 1984இல் கட்டிய 11 சென்ட் வீட்டுமனை ஒன்று. அப்பா பெயரில் 54 சென்ட் தென்னந்தோப்பு ஒன்று.

மூத்தவர் இரண்டையும் தன் பெயருக்கு எழுதிவாங்க ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தை, அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை, தயார் செய்து வைத்திருக்கிறார். ‘அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, சீக்கிரம் பதிய வேண்டும்’ என்கிறார். தங்கைக்கு 1997இல் 40 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அதனால் அவரும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சபைக்கு 3 லட்சம் எழுதிவைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ‘கிறிஸ்தவர்கள் அப்படி உயில் எழுதச் சட்டம் விடாது’ என்று அதையும் மறுத்துவிட்டார். அம்மாவோ ‘அறுப்பின் பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள்: நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாமா? அம்மாவைக் கோவைக்கு அழைத்து வந்து என் பெயருக்கு உயில் எழுதி வாங்கலாமா? எனக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறதா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து பக்கங்கள் அண்ணனைப் பற்றி, ஒன்றரைப் பக்கம் அம்மாவைப் பற்றி. நடுவில் ஒரே ஒரு வரி: ‘தம்பி மனைவி அம்மாவோடுதான் இருக்கிறாள்.’ அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். இந்தக் குடும்பத்தில் சட்டம் யாரைக் கைவிடப்போகிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. முதலில் உங்கள் கேள்விகள்.

வீடு அம்மாவுடையது, முழுவதும்

அம்மாவின் பெயரில் இருக்கும் வீட்டில் அவர் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கும் பங்கு கிடையாது, அண்ணனுக்கும் கிடையாது. இந்துக் குடும்பங்களில் பேசப்படும் பூர்வீகச் சொத்து, பிறப்பால் வரும் உரிமை ஆகியவை கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. பிற்காலத்தில் வாரிசாகலாம் என்ற எதிர்பார்ப்பைச் சட்டம் சொத்தாகவே கருதாது. எனவே அம்மா தன் வீட்டை யாருக்குக் கொடுத்தாலும் அதற்குத் தடையாணை கேட்டு நீங்கள் போனால் நீதிமன்றம் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடும். இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்காக இல்லை. 36 வருடம் கரும்பலகை முன் நின்று சம்பாதித்த வீட்டை என்ன செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இருப்பது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன்.

‘அப்பா பணத்தில் அம்மா பெயரில் வாங்கியது’ என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். சேமநிதிக் கடன் எந்த மாதம் எவ்வளவு பிடித்தம், கொத்தனாருக்கு எவ்வளவு, ஓட்டுக்கு எவ்வளவு என்று 1983, 1984ஆம் வருட நோட்டுகளில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பத்திரத்தில் அவர் பெயரும் நோட்டில் அவர் கணக்கும் இருக்கும்போது அந்த வாதம் நிற்காது.

தோப்பின் கதை வேறு

இங்கேதான் அண்ணனுடைய பத்திரம் சறுக்குகிறது. தோப்பு அப்பா பெயரில் இருந்தது. அவர் உயில் இல்லாமல் இறந்த அன்றே மூன்றில் ஒரு பாகம் அம்மாவுக்கும், மீதி இரண்டு பாகம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகவும் போய்விட்டது. சென்ட் கணக்கில் அம்மாவுக்கு 18, உங்கள் மூவருக்கும் தலைக்கு 12. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தாலும் இதுதான் நிலை.

2014இல் தம்பி இறந்தபோது அவருடைய 12 சென்ட் மறுபடி பிரிந்தது. பிள்ளை இல்லாத கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் பாதி மனைவிக்கு. மீதிப் பாதி, தகப்பன் இல்லாத நிலையில், தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சமமாக. அதாவது தம்பி மனைவிக்கு 6 சென்ட், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் இரண்டிரண்டு சென்ட். இன்றைய தேதியில் அந்தத் தோப்பில் அம்மாவுக்கு 20, அண்ணனுக்கு 14, உங்களுக்கு 14, தம்பி மனைவிக்கு 6.

ஆகவே அம்மா தோப்பு முழுவதையும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் அது அவருடைய 20 சென்ட்டை மட்டுமே கட்டும். அதே காரணத்தால் உங்களிடம் நீட்டப்படும் விடுதலைப் பத்திரத்தைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். வீட்டைப் பொறுத்தவரை அதில் நீங்கள் விட்டுக்கொடுக்க இன்று எதுவுமே இல்லை. தோப்பைப் பொறுத்தவரை 14 சென்ட் ஒரே கையெழுத்தில் போய்விடும். மனமுவந்து அண்ணனுக்குக் கொடுப்பதென்றால் அது உங்கள் விருப்பம். ‘சும்மா ஒரு சம்மதக் கையெழுத்து’ என்று சொல்லி வாங்கப்படுவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சீதனம் வாங்கினால் பங்கு இல்லையா?

இந்த எண்ணம் உங்கள் மாவட்டத்தில் இன்னும் சாகவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் வந்த 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் கொடுத்தது. மிஷனரிகளான மால்ட் தம்பதியர் இருநூறு வருடங்களுக்கு முன்பே பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய மண்ணில், படித்து வேலைக்குப் போன பெண்களும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் என்ற ஆசிரியைதான். உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னை உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்திருந்தது.

இப்போது நடப்பில் இருக்கும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். உயில் இல்லாத சொத்தைப் பிரிக்கும்போது, பெற்றோர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ நகையையோ கழிக்கக் கூடாது என்று 49ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் 40 பவுனும் கழிக்கப்படாது. அண்ணனுடைய பாலிடெக்னிக் படிப்புக்கு விற்ற வளையலும் கழிக்கப்படாது.

அம்மாவுக்கு அவருடைய தகப்பனார் சொத்தில் பங்கு கிடைக்காததைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1974இல் உங்கள் தாத்தா இறந்தபோது அம்மாவுக்கும் சம பங்கு சட்டப்படி இருந்தது. ஆனால் மாமாக்கள் அதைப் பிரித்து, வேலி போட்டு, அம்மாவுக்கு உரிமையில்லை என்று ஊரறியச் சொல்லி, அரை நூற்றாண்டு அனுபவித்தாயிற்று. கால வரம்பு கடந்த அந்த வழக்கை நடத்தச் சொல்லி உங்கள் பணத்தைக் கரைக்க எனக்கு மனமில்லை.

செட்டில்மென்ட் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால்

பதிவு செய்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட செட்டில்மென்ட் திரும்பாது. மனம் மாறினாலும் அம்மா தனியாகப் போய் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எந்தப் பக்கம் சாயும் என்று 80 வயதில் ஒருவர் தீர்ப்பாயப் படிக்கட்டில் நின்று காத்திருக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய பத்திர நகலில் பராமரிப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை. அம்மா ஆயுள்வரை அந்த வீட்டில் வசிப்பார் என்ற வரியும் இல்லை.

அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்து, மாதாமாதம் மருந்து வாங்கித் தருபவர் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளைகளுக்கும் கடன் வருகிறது, வியாபாரம் நொடிக்கிறது, நோய் வருகிறது. அப்போது வங்கி அந்த வீட்டைத்தான் கேட்கும்.

உயில் எழுதினால் அம்மா கண்மூடும்வரை வீடு அவருடையதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதியச் சொல்வேன். இந்தியக் கிறிஸ்தவர்கள் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் 2002இல் நீங்கிவிட்டது.

மறதி குறுக்கே நிற்குமா என்றால், சொன்னதையே திரும்பச் சொல்வதும் கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும் தகுதியின்மை ஆகாது. தன் சொத்து எது, பிள்ளைகள் யார், யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெளிந்து சொன்னால் போதும். எழுதும் நாளன்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். புத்தி தெளிவில்லை என்பது அண்ணனின் வாதமென்றால் அவருடைய செட்டில்மென்ட்டும் அதே காரணத்தால் விழும். இதை அவரிடம் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லலாம்.

அம்மாவைக் கோவைக்கு அழைத்து வந்து எழுதி வாங்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். சொத்து யாருக்குப் போகிறதோ அவரே முன்னின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1959ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து இது நிலைத்த நெறி. அதற்கும் மேலாக, அண்ணன் செய்வதைத்தான் நீங்களும் செய்ய நினைக்கிறீர்கள். இதைச் சொல்லும்போது என்மீது வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சபைக்கு எழுதும் 3 லட்சம்

அண்ணன் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்கு 12 மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, ஆறு மாதத்துக்குள் அதை ஒப்படைத்து வைத்தால்தான் சமயத்துக்கோ தருமத்துக்கோ எழுதியது செல்லும் என்று அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. டீச்சரம்மா தாராளமாக எழுதலாம்.

‘எங்கள் சபைக்கு’ என்று மட்டும் எழுதி விட்டுவிட வேண்டாம். எந்த அமைப்பின் பெயரில் பணம் சட்டப்படி போய்ச் சேரும் என்று சேகர குருவானவரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பெயரை அப்படியே எழுதி, எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு எதற்காக என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆலயத்துக்கு நிலம் கொடுப்பதைவிட இப்படிப் பணமாகக் கொடுப்பதில் சிக்கல் குறைவு. அவர் நினைத்த பிள்ளையின் கையில் போய்ச் சேரும்.

அந்த ஒரு வரி

இப்போது உங்கள் தம்பி மனைவி. கடிதத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நான் பொறுக்கிச் சேர்த்தது இது: அம்மாவுக்கு இரவில் இரண்டு முறை எழுந்து கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது அவர். சர்க்கரைக்கு ஊசி போடுவது அவர். ஞாயிறு காலை ஆட்டோ பிடித்து ஆலயத்தில் மூன்றாம் வரிசையில் உட்காரவைப்பதும் அவர். பதினோரு வருடங்களாக.

2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கும் மகளுக்கும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மீதும் அண்ணன் மீதும் சட்டம் சுமத்திய கடமையை, எந்தச் சட்டமும் கேட்காமல் அவர் சுமந்துகொண்டிருக்கிறார்.

அம்மா உயில் எழுதாமல் போய்விட்டால் அவருடைய வீடும் 20 சென்ட் தோப்பும் உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. தம்பிக்குப் பிள்ளை இருந்திருந்தால் தம்பியின் பங்கு அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும். இறந்த மகனின் மனைவிக்கு மாமியார் சொத்தில் கிறிஸ்தவ வாரிசுரிமை எதையும் தரவில்லை. அடக்க ஆராதனை முடிந்தபின் அந்த வீட்டில் தங்கியிருக்க அவருக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் துணை கிடையாது. அண்ணனுடைய செட்டில்மென்ட் பதிவானாலும் இதே கதிதான். நீங்கள் நினைத்தபடி உங்கள் பெயருக்கே உயில் எழுதினாலும் இதே கதிதான்.

அம்மாவால் இதைச் சரிசெய்ய முடியும். வீட்டில் ஒரு பங்கை மருமகளுக்கே முழு உரிமையோடு எழுதலாம். அல்லது வீட்டை உங்கள் இருவருக்கும் எழுதி, மருமகள் ஆயுள்வரை குறிப்பிட்ட அறைகளில் வசிக்கலாம், அவரை வெளியேற்றவோ அதுவரை வீட்டை விற்கவோ கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். இரண்டாவது வழியில் பின்னால் சச்சரவு வர வாய்ப்பு அதிகம். ஒரே சமையலறையை வைத்துக்கொண்டு மூன்று பேர் வழக்காடியதை நான் பார்த்திருக்கிறேன். சிறிய பங்காக இருந்தாலும் தனியாக அளந்து, தனி வழியோடு கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. முடிவு அம்மாவுடையது. நீங்கள் செய்யக்கூடியது, இந்தக் கேள்வியை அவர் காதில் போடுவது.

ஊருக்குப் போகும்போது

நீங்களும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து அம்மாவிடம் பேசுங்கள். தோப்புக் கணக்கைத் தாளில் எழுதி அண்ணனிடம் காட்டுங்கள். அவருடைய 14 சென்ட்டை யாரும் மறுக்கவில்லை என்று தெரிந்தாலே பாதிச் சூடு தணியும். ‘சகோதரன் மேல் வழக்கா’ என்று சபையில் பேசுவார்களே என்ற பயமும் வேண்டாம். உயில் எழுதுவது வழக்கு இல்லை. வீட்டின் மூலப்பத்திரம், இரண்டு சொத்துக்கும் வில்லங்கச் சான்று, தோப்புப் பட்டா, அப்பா, தம்பி இருவருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். ஓய்வூதியக் கணக்கின் ஏடிஎம் அட்டை அண்ணனிடம் இருக்கிறது என்றீர்கள். அது அம்மாவின் கைக்கோ, அம்மா கைகாட்டுகிறவர் கைக்கோ வர வேண்டும்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. இதில் பலரும் தவறுகிறார்கள்: கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாமல் போய்விடும். உங்கள் கணவரோ அண்ணன் மனைவியோ தம்பி மனைவியோ சாட்சியாக வரக் கூடாது. அம்மாவிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர்களில் இன்று மருத்துவராகவும் வங்கி அதிகாரியாகவும் இருப்பவர்கள் உள்ளூரிலேயே இருப்பார்கள். அவர்களில் இருவரைக் கூப்பிடுங்கள். கை நடுங்கவில்லை என்றால் உயிலைத் தட்டச்சு செய்ய வேண்டாம். டீச்சரம்மா தன் கையாலேயே எழுதட்டும். அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்ட ஊரில் பாதிப்பேர் இருக்கிறார்கள்.

கோவைக்குத் திரும்பும் முன், தோப்பில் 6 சென்ட் உங்கள் தம்பி மனைவியுடையது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தப் பதினோரு வருடத்தில் அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.